மெட்ராஸ்ல கண்டுபிடிச்ச கரிக்கல்: உப்பளத்துல நின்னு சில்வியாவைத் தேடின கதை

எங்க ஊர் இரும்பை. புதுச்சேரியில இருந்து பத்து கிலோமீட்டர் சொச்சம். செம்மண் காடு, முந்திரித் தோப்பு, சம்பந்தர் பாடின மாகாளேஸ்வரர் கோவில். எங்க பெரியப்பா வேலை பாக்குறது மரக்காணம் உப்பளத்துல. ஸ்கூல் லீவுன்னா அங்க போய் உப்புக் குவியல் மேல ஏறித் திட்டு வாங்குறதுதான் எனக்குப் பொழுதுபோக்கு.

போன செமஸ்டர் லீவுல அதே உப்பளத்து வரப்புல, அமாவாசையை ஒட்டி நாலு ராத்திரி நின்னேன். கூட ஒரு ஜூனியர், நம்ம கிளப்போட ஆறு இஞ்ச் டெலஸ்கோப், ஒரு கிளிப்போர்ட், கொசுவத்திச் சுருள். தேடினது ஒரு கல்லை. பேரு சில்வியா. சிறுகோள் பட்டியல்ல 87-வது.

"இன்னாடா, ராத்திரி பன்னெண்டு மணிக்குக் கல்லு தேடுறியா? பகல்ல வாடா, தூக்கறதுக்கு மூட்டை தரேன்"னு பெரியப்பா சிரிச்சார். "கறுப்புக் கல்லு பெரியப்பா, கரி மாதிரி"ன்னேன். "கறுப்புக் கல்லை இருட்டுல தேடுறியா?"ன்னார்.

அந்தக் கேள்விக்குப் பதில்தான் இந்தக் கட்டுரை.

நுங்கம்பாக்கத்துல இருந்து ஒரு கண்டுபிடிப்பு

முதல்ல சில்வியா நமக்கு எப்படிச் சொந்தம்னு சொல்லிடறேன். 1866 மே 16. இடம் மெட்ராஸ் வானாய்வகம், நுங்கம்பாக்கம். இப்ப வானிலை ஆய்வு மையம் இருக்குற அதே வளாகம். அங்க அரசாங்க வானியலாளரா இருந்தவர் நார்மன் போக்சன். 1861-ல இங்கிலாந்துல இருந்து வந்தார், 1891-ல மெட்ராஸ்லயே இறந்து போனார். முப்பது வருஷம்.

இங்க இருந்து அவர் கண்டுபிடிச்ச சிறுகோள்கள் அஞ்சு. 1861-ல ஏசியா, 1864-ல சாஃபோ, 1866-ல சில்வியா, 1868-ல கமிலா, 1885-ல வேரா. ஏசியாவுக்கு அந்தப் பேர் வந்ததுக்குக் காரணம் ரொம்ப சிம்பிள்: ஆசியாக் கண்டத்துல இருந்து கண்டுபிடிச்ச முதல் சிறுகோள் அதுதான்.

அந்த வானாய்வகத்துல அவர் மட்டும் இல்ல. சிந்தாமணி ரகுநாதாச்சாரி முதல் உதவியாளரா இருந்தார். 1867-ல ஆர் ரெடிகுலின்னு ஒரு மாறும் விண்மீனைக் கண்டுபிடிச்சது அவர்தான். போக்சனோட மகள் ஐசிஸும் 1873-ல இருந்து அங்க உதவியாளர். இதெல்லாம் நான் பன்னெண்டு வருஷம் படிச்ச இங்கிலீஷ் மீடியம் ஸ்கூல்ல ஒரு வரி கூட வரல. கலிலியோ வந்தார், நியூட்டன் வந்தார். எழும்பூர்ல இருந்து ரெண்டு ஸ்டேஷன் தள்ளி இருக்குற நுங்கம்பாக்கம் வரல.

எங்க சுத்துது, எவ்ளோ பெருசு?

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவுல சிறுகோள் பட்டை இருக்குன்னு எல்லாருக்கும் தெரியும். சில்வியா இருக்குறது அதோட வெளி ஓரத்துல. சூரியன்ல இருந்து சராசரியா 52 கோடி கிலோமீட்டர், அதாவது பூமி இருக்குற தூரத்தைப் போல மூன்றரை மடங்கு. ஒரு சுத்து முடிக்க ஆறரை வருஷம். தன்னைத்தானே சுத்திக்க மட்டும் அஞ்சு மணி நேரம் பதினோரு நிமிஷம்தான். அங்க இருந்தா காலைல டிபன் சாப்பிட்டு மதியச் சாப்பாட்டுக்கு உக்காரும்போது ஒரு நாளே முடிஞ்சிருக்கும்.

வடிவம் உருண்டை கிடையாது, நீள உருளைக்கிழங்கு. சராசரி விட்டம் 270 கிலோமீட்டர் பக்கம். சென்னையில இருந்து புதுச்சேரிக்குக் காக்கா பறக்குற மாதிரி நேர்கோட்டுல போனா 135 கிலோமீட்டர் வரும். அதுக்கு ரெண்டு மடங்கு. சிறுகோள்கள்ல இது பெரிய தலைங்கள்ல ஒண்ணு.

இவ்ளோ பெருசா இருந்தும் வெறுங்கண்ணுக்குத் தெரியாது. பைனாகுலருக்கும் தெரியாது. ஒரு காரணம் தூரம். இன்னொரு காரணம் நிறம்.

உப்பும் கரியும்

ஒரு பொருள் மேல விழுற வெளிச்சத்துல எவ்ளோ திரும்பி வருதுன்னு சொல்ற எண்ணுக்கு ஆல்பிடோன்னு பேர். தமிழ்ல எதிரொளிதிறன்னு வெச்சுக்கலாம். காய்ஞ்ச உப்புக் குவியல் மேல நூறு பங்கு வெளிச்சம் விழுந்தா பாதிக்கும் மேல திரும்பி வரும். அதனாலதான் மத்தியானம் மரக்காணத்துல கண்ணைத் திறக்க முடியாது. நம்ம நிலா நூத்துக்குப் பன்னெண்டு பங்கைத்தான் திருப்பி அனுப்புது. பௌர்ணமி நிலா பாக்க வெள்ளி மாதிரி இருந்தாலும், கைல எடுத்தா அது ஒரு அழுக்குச் சாம்பல் கல். சில்வியா? நூத்துக்கு நாலு, நாலரை. புதுசா போட்ட தார் ரோடு மாதிரி.

ஏன் இவ்ளோ கறுப்பு? சூரியக் குடும்பம் உருவான காலத்துல, வெப்பம் எட்டாத தூரத்துல சேர்ந்த பொருள் இது. கார்பன் கலந்த சேர்மங்கள் அதிகம். உள்பட்டையில இருக்குற பல கற்கள் மாதிரி நல்லா உருகி, வெளுத்து, மாறிப் போகல. பட்டையோட வெளி ஓரத்துக்குப் போகப் போக இந்த மாதிரி கறுப்புக் கற்கள்தான் அதிகம். நம்ம பூமி உருவாகறதுக்கு முன்னாடி என்ன மாதிரி மூலப்பொருள் கிடந்துச்சுன்னு தெரிஞ்சுக்க, இந்தக் கரிக்கல்லுங்கதான் ஸ்டோர் ரூம்.

கறுப்பா இருக்குறதுல ஒரு சிக்கலும் இருக்கு. டெலஸ்கோப்புல ஒரு மங்கலான புள்ளி தெரியுது. அது சின்ன வெள்ளைக் கல்லா, பெரிய கறுப்புக் கல்லா? வெளிச்சத்தை மட்டும் வெச்சுச் சொல்ல முடியாது. ரெண்டும் ஒரே அளவு மின்னும்.

விடை காலுக்குத் தெரியும். சித்திரை வெயில்ல செருப்பு இல்லாம தார் ரோட்டைக் கடந்து உப்புக் குவியல் மேல கால் வெச்சுப் பாருங்க. கறுப்பு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பாம முழுங்குது. முழுங்கினதை வெப்பமா, அகச்சிவப்புக் கதிரா வெளிய விடுது. அப்போ ஒரு சிறுகோளைக் கண்ணுக்குத் தெரியுற ஒளியிலயும் அகச்சிவப்புலயும் அளந்தா, ரெண்டு சமன்பாடு, ரெண்டு தெரியாத எண்: அளவும் கறுப்பும். தீர்த்துடலாம். 1983-ல ஐராஸ் செயற்கைக்கோள் ஏகப்பட்ட சிறுகோள்களுக்கு இதைத்தான் செஞ்சது.

போக்சன் ஸ்கேல்: நம்ம டெசிபெல்லோட சொந்தக்காரன்

விண்மீன்களோட பிரகாசத்தை மேக்னிட்யூட்ல சொல்லுவாங்க. எண் கூடினா மங்கல். நல்ல இருட்டுல வெறுங்கண்ணுக்கு 6 வரைக்கும் தெரியும். அஞ்சு படி வித்தியாசம்னா சரியா நூறு மடங்கு; அதனால ஒரு படிக்கு நூறோட அஞ்சாம் மூலம், 2.512 மடங்கு. இந்த அளவுகோலை 1856-ல முன்மொழிஞ்சது யாருன்னு நினைக்கிறீங்க? நம்ம போக்சன்தான். மெட்ராஸ் வர்றதுக்கு அஞ்சு வருஷம் முன்னாடி. இன்னிக்கு வரைக்கும் உலகம் முழுக்க இதேதான்.

இசிஇ மக்களுக்கு ஒரு போனஸ்: 2.512-ஐ டெசிபெல்லுக்கு மாத்துங்க. சரியா 4 டெசிபெல் வரும். ஒரு மேக்னிட்யூட்டுக்கு 4 டெசிபெல். கண்ணும் காதும் மடக்கை போட்டுதான் உலகத்தைப் பாக்குது.

சில்வியா நமக்குக் கிட்ட வரும்போதே அதோட மேக்னிட்யூட் சுமார் 12. வெறுங்கண் எல்லைக்கு ஆறு படி கீழ. 2.512-ஐ ஆறு தடவை பெருக்கினா 251. அதாவது கண்ணுக்குத் தெரியுற கடைசி விண்மீனை விட 250 மடங்கு மங்கல். போக்சன் கண்டுபிடிச்ச கல்லை அவர் ஸ்கேலாலயே அளந்தாச்சு. சில்வியா உப்பு மாதிரி வெள்ளையா இருந்திருந்தா கிட்டத்தட்ட மூணு படி ஏறி, 9-க்கு வந்திருக்கும். பெரியப்பாவோட பைனாகுலரே போதும்.

கறுப்புக் கல்லை இருட்டுல தேடுறது எப்படி?

பெரியப்பா கேள்விக்கு இப்ப வரலாம். நிறத்தை வெச்சுத் தேட முடியாது, உருவத்தை வெச்சும் முடியாது. டெலஸ்கோப்புல அது மத்த விண்மீன் மாதிரியே ஒரு புள்ளி. அதை மாட்டி விடுறது ஒண்ணே ஒண்ணு: அது நகரும்.

ஈசிஆர்ல நம்ம பஸ் ஒரு லாரியை ஓவர்டேக் பண்ணும்போது, தூரத்துப் பனைமரங்களை வெச்சுப் பாத்தா லாரி பின்னாடி போற மாதிரி தெரியும். உள்வட்டத்துல வேகமாப் போற பூமி, வெளிவட்டத்துல மெதுவாப் போற சில்வியாவை முந்தும்போதும் இதேதான். அந்த நாட்கள்ல சில்வியா விண்மீன்களுக்கு நடுவுல ஒரு நாளைக்கு நிலா அகலத்துல மூணுல ஒரு பங்கு நகரும். ஒரே ராத்திரியில கண்ணுக்குப் பிடிபடுறது கஷ்டம். அடுத்த ராத்திரி கண்டிப்பாத் தெரியும்.

போட்டோவும் கம்ப்யூட்டரும் இல்லாத 1866-ல, கையால வரைஞ்ச விண்மீன் வரைபடத்தோட வானத்தை ஒப்பிட்டு, "இந்தப் புள்ளி இதுல இல்லையே"ன்னு கண்டுபிடிச்சு, அடுத்தடுத்த ராத்திரி அது நகருதான்னு பாத்துதான் உறுதி செய்வாங்க. நாங்களும் அப்படித்தான் செய்யணும்னு முடிவு பண்ணோம். எந்தப் பக்கம் திருப்பணும்னு மட்டும் ஆப் சொல்லும், மீதி பென்சில்.

முதல் ராத்திரி, சிவப்புச் சாக்லேட் பேப்பர் சுத்தின போன் டார்ச் வெளிச்சத்துல பதினேழு புள்ளி வரைஞ்சேன். அதுல ஒண்ணைச் சுத்தி வட்டம் போட்டு, "மாட்டிக்கிச்சு"ன்னு கிளப் குரூப்ல மெசேஜும் தட்டிட்டேன். முப்பது பேர் தம்ஸ் அப். அடுத்த நாள் போய்ப் பாத்தா, வட்டம் போட்ட புள்ளி அதே இடத்துல கல்லு மாதிரி நிக்குது. கல்லு மாதிரி நின்னதாலயே அது கல் இல்ல, விண்மீன்.

வயித்துல ஒரு மாதிரி ஆயிடுச்சு. முப்பது பேருக்கு என்ன சொல்றது? ஜூனியர் எதுவும் பேசல. ரெண்டு பேப்பரையும் ஒண்ணு மேல ஒண்ணு வெச்சு டார்ச்சைக் கீழ பிடிச்சான். நேத்து ஓரத்துல வரைஞ்சு கண்டுக்காம விட்ட ஒரு புள்ளி இன்னிக்கு அங்க இல்ல. கொஞ்சம் தள்ளி புதுசா ஒண்ணு இருக்கு. மூணாவது ராத்திரி மேகம். நாலாவது ராத்திரி அதே திசையில, ரெண்டு நாள் நகர வேண்டிய தூரம் தள்ளி அது நின்னுச்சு. பெரியப்பாவையும் கூப்பிட்டுக் காட்டினேன். ரொம்ப நேரம் கண்ணை வெச்சுப் பாத்துட்டு, "இவ்ளோதானா?"ன்னார். அப்புறம் அவரே, "ஆனா நகர்ந்துச்சு இல்ல"ன்னார்.

குரூப்ல திருத்தம் போட்டேன். முதல் மெசேஜை டெலீட் பண்ணல. தப்பு எப்படி ஆச்சுன்னு அடுத்த பேட்ச் பாக்கணும்ல.

கல்லுக்கு ரெண்டு நிலா

சில்வியாங்கிற பேர் ரோமாபுரி புராணத்துல வர்ற ரியா சில்வியாவோடது. ரோமுலஸ், ரேமஸ்னு இரட்டைப் பிள்ளைகளோட அம்மா. பேர் வெச்சு 135 வருஷம் கழிச்சு, 2001-ல மைக் பிரௌனும் ழான்-லுக் மார்கோவும் ஹவாய்ல இருக்குற கெக் டெலஸ்கோப்புல சில்வியாவைச் சுத்தி ஒரு குட்டி நிலாவைப் பாத்தாங்க. 2005-ல பிராங்க் மார்ஷி குழு, சிலியில இருக்குற வெரி லார்ஜ் டெலஸ்கோப் படங்கள்ல இன்னொண்ணும் இருக்குன்னு அறிவிச்சாங்க. ரெண்டு நிலா இருக்குற சிறுகோள்னு உலகத்துக்கே தெரிஞ்ச முதல் கேஸ் இதுதான். நிலாக்களுக்கு ரோமுலஸ், ரேமஸ்னே பேர் வெச்சாங்க. அம்மா பேரை 1866-லயே மெட்ராஸ்ல ரெடி பண்ணி வெச்சாச்சு!

தூரத்தை மனசுல நிறுத்த: சில்வியாவோட மையத்தைச் சென்னையில வெச்சா, ரேமஸ் கொழும்பு தூரத்துல சுத்துது, சுமார் 700 கிலோமீட்டர். ரோமுலஸ் கொல்கத்தா தூரத்துல, சுமார் 1,350 கிலோமீட்டர்.

இன்னொரு ஆச்சரியம்: போக்சனோட கமிலாவுக்கும் ரெண்டு நிலா இருக்குன்னு பின்னாடி தெரிஞ்சது. மெட்ராஸ்ல கண்டுபிடிச்ச அஞ்சுல ரெண்டு, மும்மைக் கற்கள்.

நிலா இருந்தா எடை போடலாம்

இன்ஜினியருக்கு உண்மையான விருந்து இங்கதான். சுத்துற பொருள் ஒண்ணு கிடைச்சா நடுவுல இருக்குறதோட நிறை கிடைச்ச மாதிரி. பிளஸ் ஒன்ல படிச்ச கெப்ளர் மூணாம் விதி போதும்: நாலு பை ஸ்கொயரைத் தூரத்தோட கனத்தால பெருக்கி, அதை ஈர்ப்பு மாறிலியும் சுற்றுக்காலத்தோட வர்க்கமும் பெருக்கி வர்றதால வகுக்கணும். ரோமுலஸுக்குத் தூரம் 1,356 கிலோமீட்டர், காலம் 87.6 மணி. கால்குலேட்டர்ல போட்டா சுமார் 1.5 × 10¹⁹ கிலோ வரும். 52 கோடி கிலோமீட்டர் தள்ளி இருக்குற கல்லை, தராசே இல்லாம எடை போட்டாச்சு.

நிறையைக் கன அளவால வகுத்தா அடர்த்தி: தண்ணியை 1-ன்னு வெச்சா, சுமார் 1.4. சாதாரணப் பாறையே ரெண்டரை, மூணு வருமே? அப்போ இது முழுப் பாறை இல்ல.

திரும்ப உப்பளத்துக்கு வாங்க. ஒரு உப்புப் பரலோட அடர்த்தி 2.16. ஆனா அதே உப்பைக் குவியலா கொட்டி அளந்தா 1.2 பக்கம்தான் வரும். பரல்களுக்கு நடுவுல நாப்பது சதவீதத்துக்கு மேல வெறும் காத்து. சில்வியாவும் அந்த மாதிரி ஒரு குவியல்தான்னு 2005-ல கணிச்சாங்க: பழைய ஒரு பெரிய கல் மோதல்ல உடைஞ்சு, துண்டுங்க ஈர்ப்பால திரும்பச் சேர்ந்து, நடுநடுவுல வெற்றிடம் வெச்சு உக்காந்திருக்கு. சேராத சில்லுங்கதான் நிலாக்கள். 2021-ல வந்த ஆய்வு இன்னும் ஒரு படி போய், நிலாக்களோட பாதையை நுணுக்கமாப் பாத்து, உள்ள அடர்த்தியான மையமும் மேல லேசான, துளை நிறைஞ்ச அடுக்கும் இருக்கலாம்னு சொல்லுது. பனிக்கட்டியும் கலந்திருக்கலாம்.

எங்க ஊர் மாகாளேஸ்வரர் லிங்கம் கடுவெளிச் சித்தர் கோபத்துல மூணாப் பிளந்துச்சுன்னு ஆயா கதை சொல்லும். செம்புத் தகடு போட்டுச் சேர்த்து வெச்சிருக்காங்க. சில்வியாவுக்குத் தகடு இல்ல, ஈர்ப்பு மட்டும்தான். அந்த ஈர்ப்பும் நம்ம பூமியில இருநூறுல ஒரு பங்கு ரேஞ்சுதான். அங்க நின்னு 150 கிலோமீட்டர் வேகத்துல பந்தை மேல எறிஞ்சா, கேட்ச் பிடிக்க அரை மணி நேரம் ஆகும். பில்டர் டீ குடிச்சுட்டு வரலாம்.

இதுல நமக்கு என்ன இருக்கு?

2013 ஜனவரி 6-ம் தேதி சில்வியா ஒரு விண்மீனை மறைச்சது. ஐரோப்பாவுல பல ஊர்கள்ல டெலஸ்கோப்போட காத்திருந்தவங்க, விண்மீன் எத்தனை நொடி காணாமப் போச்சுன்னு அளந்தாங்க. அதை ஒண்ணு சேர்த்து சில்வியாவோட நிழல் வடிவம் கிடைச்சது. சிலருக்கு ரோமுலஸோட நிழல் கூட மாட்டுச்சு. அதுல நிறைய பேர் சம்பளத்துக்குப் பாக்குறவங்க இல்ல, ஆர்வலர்கள். நம்ம பக்கமும் நடந்திருக்கு: 1988 பிப்ரவரி 17-ல ஜவ்வாது மலைக் காவலூர்ல இருந்து ஆர். ராஜமோகன் கண்டுபிடிச்ச சிறுகோளுக்கு ராமானுஜன்னு பேர். வேராவுக்கு அப்புறம் 103 வருஷ இடைவெளி.

இடைவெளிங்கிற வார்த்தைதான் எனக்கு உறுத்துது. எங்க கிளப் டெலஸ்கோப்பை நான் எடுக்கும்போது அது மேல ரெண்டு வருஷத் தூசி. யாரும் பூட்டி வெக்கல; யாரும் கேக்கல, அவ்ளோதான். இன்னொரு பக்கம் இருட்டும் குறைஞ்சுகிட்டே வருது. நாங்க நின்ன வரப்புல இருந்து தெக்கால பாத்தா புதுச்சேரியோட ஆரஞ்சு வெளிச்சம் வானத்துல கால்வாசிக்கு ஏறியிருக்கு. உப்பளம் வெள்ளைங்கிறதால, ஒரு எல்இடி போஸ்ட் போட்டாலே அந்த வெளிச்சத்துல பாதியைத் தரையே மேல அனுப்பிடும். ராத்திரி உப்பு ஏத்துறவங்களுக்கு விளக்கு கண்டிப்பா வேணும். நான் அதை வேணாம்னு சொல்லல. விளக்குக்கு மேல ஒரு மூடி போட்டு வெளிச்சத்தைக் கீழ மட்டும் விட்டா, அவங்களுக்கும் நல்லாத் தெரியும், வானமும் பிழைக்கும். பன்னெண்டாம் படி மங்கல்ல இருக்குறது முதல்ல அழியும். சில்வியா அந்த வரிசையில நிக்குது.

நான் மே மாசம் கெளம்பிடுவேன். டெலஸ்கோப் சாவி இப்ப அந்த ஜூனியர்கிட்ட. அதோட ரெண்டு பேப்பரும் குடுத்திருக்கேன்: தப்பா வட்டம் போட்டதும், சரியா போட்டதும். சில்வியா சுமார் பதினாலு மாசத்துக்கு ஒரு தடவை சூரியனுக்கு நேர் எதிர்ப்பக்கம் வரும். அடுத்த தடவை நீங்க போங்க. ஒரு ராத்திரி போதாது, ரெண்டு ராத்திரி போங்க. முதல் நாளே குரூப்ல மெசேஜ் போட்டுடாதீங்க.